ஒரே உலை

(நமது மருத்துவமனை நண்பர்களின் ஆண்டுக் கூடுகையில் ஊழியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை. அன்று வர இயலாத நண்பர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



இன்னும் ஓர் ஆண்டு நம்மை நடத்திவந்த தேவனுக்கு ஸ்தோத்திரம். ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கூடுகையில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தோம், எத்தனை அறுவைச் சிகிச்சைகள் செய்தோம், எந்தக் கருவி வாங்கினோம் என்று கணக்குச் சொல்வது வழக்கம். அந்தக் கணக்கு உங்கள் கையிலுள்ள அறிக்கையில் இருக்கிறது. ஓய்வாக வீட்டில் படித்துக்கொள்ளலாம். இன்று வேறொரு கணக்கை உங்களோடு சேர்ந்து பார்க்க ஆசைப்படுகிறோம். கொடுப்பவர்களாகிய நாமும் பெறுபவர்களாகிய ஏழைகளும் தேவனுடைய சமுகத்தில் ஒரே குடும்பமாக இருக்கிறோமா, அல்லது இரண்டு பந்திகளாக இருக்கிறோமா என்பதே அந்தக் கணக்கு.

இந்தக் கேள்வியை நமக்குக் கற்றுத் தந்தவர் ஒரு தமிழ் இறையியல் ஆசிரியர். அருட்திரு ஜே. தெயோப்பிலஸ் அப்பாவு அவர்கள். 1940-இல் பிறந்து 2005-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1969-இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்குக் கோயம்புத்தூர் திருமண்டலத்திலிருந்தும் வாலிபர்கள் போதகப் பயிற்சிக்குச் சென்று வந்திருக்கிறார்கள். ஆகையால் அவர் பெயரைக் கேட்டிராதவர்கள்கூட, அவருடைய மாணவர் ஒருவரின் பிரசங்கத்தையோ பாடலையோ கேட்டிருக்கக்கூடும். ‘பரட்டை’ என்ற பெயரே மாணவர் நடுவில் வழங்கியது. எண்ணெய் காணாத தலையோடு திரியும் கிராமத்தானைக் குறிக்கும் அந்தப் பெயரை அவர் விருப்பத்தோடு தமதாக்கிக்கொண்டார். படித்தவர்களின் வரிசையைவிட அவனோடு நிற்பதே அவருக்குப் பிடித்திருந்தது.

நம் திருமண்டலத்தின் முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி அவர்களைப் பெரியவர்கள் நினைவுகூருவார்கள். 1950-இல் பொறுப்பேற்ற அவரும் பெரிய இறையியல் அறிஞர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927-இல் நூல் எழுதியவர். தமிழ்ப் பக்திப் பாடல்களின் வழியாக யோவான் சுவிசேஷத்தைப் புரிந்துகொள்ள நமக்குக் கற்றுக்கொடுத்தார். அப்பாவு ஐயா அதற்குப் பின் இன்னொரு கேள்வி கேட்டார். தமிழ்ப் பாத்திரத்தில் சுவிசேஷத்தைத் தருகிறோம், நல்லது. ஆனால் யாருடைய வீட்டுத் தமிழ்ப் பாத்திரம்? நம் சபைகளில் பாடும் கீர்த்தனைகள் கர்நாடக இராகத்தில், உயர்ந்த நடையில் அமைந்தவை. சபையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதியினரோ களை எடுக்கும்போதும் நாற்று நடும்போதும் வேறு பாட்டுப் பாடியவர்கள். கோயில் வாசலுக்கு வந்ததும் அவர்கள் தங்கள் நாவையும் காலணியோடு சேர்த்து வெளியே விட்டுவர வேண்டியிருந்தது.

ஆகவே அவர் வழிபாட்டு முறைமைகளைக் கிராமிய இசையில் அமைத்தார். சாவு வீட்டுக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கப்பட்ட பறை ஆலயத்துக்குள் வந்தது. தேவனை அழைக்கும்போது, தாய்க்கும் தகப்பனுக்கும் பொதுவான கிராமத்துச் சொல்லால் அழைத்தார். அதை முதலில் கேட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள். பறையைக் கண்டு எழுந்துபோனவர்களும் உண்டு. அவர் அதற்காக மனம் தளரவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பாட்டி தன் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய இறையியலே ஏழைகளுக்கு உதவும் என்பது அவர் எண்ணம். பாட்டை மக்கள் மாற்றிப் பாடினாலும் அவர் தடுக்கவில்லை. அது அவர்களுடையதாகிவிட்டது என்று மகிழ்ந்தார். கிராமியக் கலைகளைச் சமூக மாற்றத்துக்குப் பயன்படுத்துவது பற்றி 1986-இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அவருடைய இசையையும் இறையியலையும் ஆராய்ந்து ஜோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் எழுதிய நூல் 2014-இல் வெளிவந்தது.

அவருடைய போதனைகள் அனைத்தையும் இங்கே சொல்ல நேரமில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதுதான் ‘ஒரே உலை’. கிராமத்தில் ‘ஒலை’ என்றே சொல்வோம். ஒரு பெரிய குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் தனித்தனி வீட்டில் இருந்தாலும், கூடிவரும் நாளில் அவரவர் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து ஒரே பானையில் போட்டுப் பொங்கி, எல்லாரும் ஒன்றாக உண்பார்கள். இந்த உறவே தேவனுடைய ராஜ்யத்துக்கு ஏற்ற உவமை என்று அவர் போதித்தார்.

சாதி என்பது நம் நாட்டில் புத்தகத்தில் எழுதிய சட்டமாக மட்டும் இருந்ததில்லை. யாரோடு உட்கார்ந்து உண்ணலாம், யார் கையால் தண்ணீர் வாங்கலாம் என்பதாகவே அது அன்றாடம் நடமாடியது. ஆகவே அது உடைய வேண்டிய இடமும் அடுப்பங்கரைதான். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் அன்றாட ஆகாரத்தை ‘எனக்கு’ என்று கேட்பதில்லை. ‘எங்களுக்கு’ என்றே கேட்கிறோம். பக்கத்து வீட்டுக்காரன் பட்டினியாக இருக்கும்போது என் தட்டில் விழும் சோறு அந்த ஜெபத்துக்கு முழுப் பதில் ஆகாது. கொரிந்து சபைக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதிய முதல் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு வெறித்திருந்தார்கள், வேலை முடித்துப் பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். அப்படிப்பட்ட கூடுகை கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் கடிந்துகொள்ளுகிறார்.

நம் தமிழ்த் திருச்சபையின் சரித்திரமும் இந்தப் பந்தியைச் சுற்றியே நடந்திருக்கிறது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனடியாக, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று நிருபம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அநேகர் சபையை விட்டு வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் அருந்த அவர்களுக்கு மனம் வரவில்லை. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிமார், சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை உண்ண வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அவர்கள் நோக்கம் நல்லது. ஆனால் சமைத்தவர் அங்கே பரீட்சைப் பொருளாக நின்றார். ஒரு வாய் உண்டவர் பரீட்சையில் தேறி வீடு போய்ச் சேர்ந்தார். அந்த உணவைப் பொங்கிய தாயோடு அவருக்கு உறவு உண்டாயிற்றா என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவு ஐயா சொன்ன உலை பரீட்சை வைப்பதற்கு அல்ல. அதில் இருவருமே தங்கள் அரிசியைப் போட வேண்டும்.

நம் கொங்கு நாட்டை எடுத்துக்கொள்வோம். 1830-இல் ஆடிஸ் ஐயர் லண்டன் மிஷன் ஊழியத்தைக் கோயம்புத்தூரில் தொடங்கினார். பிற்காலத்தில் ஈரோட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் பெரும்பாலும் தோட்டங்களில் பண்ணையாட்களாக உழைத்த ஒடுக்கப்பட்ட மக்கள். கிணற்றில் கமலை இறைக்கத் தோல் பறி தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அந்தப் பறியில் ஏறிய தண்ணீர் வயலெல்லாம் பாய்ந்தது. தைத்தவர் அந்தக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுக்க முடியவில்லை. டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர், சில இடங்களில் கொட்டாங்குச்சி. இவை நம் பாட்டன் காலத்துக் கதை மட்டுமல்ல. நம்மில் நடுத்தர வயதினரும் கண்ணால் கண்டதுதான்.

நமது மருத்துவமனையில் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வார்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சமையல் கொட்டகை ஒன்று இருந்தது. நோயாளியோடு வந்தவர்கள் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துக் கஞ்சியோ களியோ பொங்கிக்கொள்வார்கள். உள்ளே வார்டில் நாங்கள் யாரையும் பிரிக்கவில்லை. தோட்டத்துக்காரரின் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் அவருடைய பண்ணையாள் படுத்திருந்ததுண்டு. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரே நர்சம்மா. அதைப் பார்த்து நாங்கள் பெருமைப்பட்டோம். கொட்டகையிலோ கிழக்கு மூலை ஒருவருக்கு, மேற்கு மூலை மற்றவருக்கு என்று அடுப்புகள் தாமாகவே பிரிந்திருந்தன. யாரும் கோடு கிழிக்கவில்லை. எல்லாருக்கும் கோடு தெரிந்திருந்தது.

ஓர் ஐப்பசி மழை இரவில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து விறகெல்லாம் நனைந்துபோயிற்று. மேற்கு மூலையிலிருந்த ஒரு தாய் மட்டும் சேலைத் தலைப்பில் மூடிவைத்திருந்த சுள்ளிகளால் அடுப்பை மூட்டிவிட்டாள். பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும். அவள் மற்றவர்களைப் பார்த்து, “அரிசியைக் கொண்டாங்க, இதுலயே போட்டுப் பொங்கிரலாம். மழையில எத்தனை நேரம் குந்தியிருப்பீங்க?” என்றாள். இரண்டு மூன்று பேர் தயங்கித் தயங்கி அரிசி கொண்டுவந்தார்கள். ஒருவர் கொஞ்சம் துவரம்பருப்பையும் கொண்டுவந்தார். நம் பக்கத்து அரிசிம்பருப்புச் சோறு அன்று அப்படித்தான் வெந்தது. மற்றவர்கள் அந்தச் சோற்றைத் தொடாமல், மழையில் நனைந்துகொண்டு கடைக்குப் போய் பன் வாங்கி வந்து தின்றார்கள்.

நாங்கள் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஊழியரில் ஒருவராவது இறங்கிப்போய் அந்தத் தாயின் அருகே உட்கார்ந்து ஒரு கவளம் வாங்கி உண்டிருக்கலாம். ஒருவரும் போகவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் தலையிட்டால் நோயாளிகள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள் என்று எங்களுக்குள்ளே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அன்று அந்தத் தாய் பிரசங்கம் செய்தாள். அதற்கு ‘ஆமென்’ சொல்ல வேண்டிய நாங்கள் வாய் திறக்கவில்லை. பிற்பாடு கொட்டகையை எடுத்துவிட்டு ஒரே சமையலறை வைத்தபோது, அந்த இரவை நினைத்து வெட்கப்பட்டே வைத்தோம்.

பிரியமானவர்களே, இந்த உலை நம் ஊர் எல்லையோடு நின்றுவிடுவதல்ல. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் லீமா நகரில் ஏழைகள் நடுவில் ஊழியம் செய்த குருவானவர் குஸ்தாவோ குத்தியேரஸ். 1971-இல் அவர் எழுதிய நூலிலிருந்தே ‘விடுதலை இறையியல்’ என்ற பெயர் உலகமெங்கும் பரவியது. அவர் 2024 அக்டோபரில், 96-ஆம் வயதில் மரித்தார். வறுமை என்பது தேவன் எழுதிய தலைவிதியல்ல, மனிதர் செய்துவைத்த ஏற்பாடு. ஆகவே மனந்திரும்புதலில் அந்த ஏற்பாட்டை மாற்றுவதும் அடங்கும் என்பது அவர் போதனை. 1981-இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை, இந்தியாவில் சாதியைப் பேசாத விடுதலை அரைகுறை என்று நம் இறையியலாரை விழிக்கச் செய்தது. தலித் இறையியல் அங்கிருந்து வளர்ந்தது. அந்த வழியில் வந்த அப்பாவு ஐயா, அதைப் பறையோடும் பாட்டோடும் சோற்றுப் பானையோடும் சேரிக்குக் கொண்டுபோனார்.

உலக நீதி என்றால் எங்கோ நியூயார்க்கில் பேசுகிற காரியம் என்று எண்ண வேண்டாம். அது நம் நொய்யல் ஆற்றிலேயே ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் கலக்கும் நதி. திருப்பூரில் தைத்த பனியன்களை உலகமெங்கும் மக்கள் அணிகிறார்கள். அதனால் நம் பகுதியில் இலட்சக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் அந்தத் துணிக்கு ஏற்றிய சாயத்தின் கழிவு பல ஆண்டுகள் நொய்யலில் விழுந்தது. விவசாயிகளின் பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் சாயக் கழிவே தேங்கி நின்றது. தண்ணீர் வரும் என்று காத்திருந்தவர்களே அதைத் திறக்க வேண்டாம் என்று கெஞ்சும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது வேலை இழந்து தவித்ததும் ஏழைத் தொழிலாளிகளே.

இதில் யாரை மட்டும் குற்றம் சொல்ல? தூர தேசத்துக் கடையில் சட்டை மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறார். அந்த மலிவின் மீதி விலையைக் கீழ்நொய்யல் விவசாயி தன் தென்னை மரத்தால் கட்டுகிறார். மில் விடுதியில் தங்கி இரவு ஷிப்ட் பார்க்கும் பெண் பிள்ளை தன் இரத்தத்தால் கட்டுகிறாள். அப்படிப்பட்ட பிள்ளைகள் வெளிறிய கண்களோடு நம் வெளிநோயாளர் பகுதிக்கு வருகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். அதோடு ஒரு கேள்வியும் நம் மேஜைமேல் இருக்கிறது: இந்தப் பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட்டாளா, தூங்கினாளா, அவள் கூலியில் பங்கு வாங்கியவர்கள் யார்? மாத்திரை தருவது ஊழியம். அந்தக் கேள்வியைக் கேட்பதும் ஊழியம்தான். உலகம் ஒரே உலை என்றால், சோறு ஒரு பக்கமும் சாம்பல் மறுபக்கமும் போய்ச் சேரலாகாது.

உங்களில் ஆலை வைத்திருப்பவர்கள் உண்டு. ஏற்றுமதி செய்பவர்கள் உண்டு. ஓய்வூதியத்தில் மாதந்தோறும் ஒரு சிறு தொகை எடுத்து அனுப்பும் ஆசிரியைகள் உண்டு. உங்கள் காணிக்கை இல்லாமல் இந்த மருத்துவமனை இல்லை. அதை நன்றியோடு அறிக்கையிடுகிறோம். ஆகிலும் ஒரு வார்த்தை உரிமையோடு சொல்ல அனுமதியுங்கள். காணிக்கை, செய்த அநியாயத்துக்குப் பரிகாரம் ஆகாது. ஆலையில் வேலை செய்யும் பிள்ளைக்கு நியாயமான கூலியும் ஓய்வும் கொடுத்துவிட்டு, அதற்குப் பின் நமக்கு அனுப்புங்கள். தொகை குறைந்தால் குறையட்டும். அதில் வரும் நஷ்டத்தை நாங்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம். மகளைக் காய்ச்சலில் விழவைத்து, பின்பு அவள் மருந்துக்குத் தர்மம் செய்வது தகப்பனுக்கு அழகல்ல.

ஊழியர்களாகிய எங்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. ஏழை நோயாளிக்குச் சலுகை கொடுக்கும்போது எங்கள் குரல் உயர்ந்துவிடுகிறது. தனி அறையில் இருப்பவரை ‘ஐயா’ என்கிறோம். பொது வார்டில் இருப்பவரை ‘ஏம்ப்பா’ என்கிறோம். பானை ஒன்றான பிறகும் பந்தி இரண்டாகவே இருக்கிறது. இதை மாற்றிக்கொள்ள உங்கள் முன்பாகப் பொருத்தனை செய்கிறோம்.

நம் ஆலயங்களில் டியூப்லைட்டில்கூட அன்பளித்தவர் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் சிறிதாகிறது. நம் மருத்துவமனைக் கட்டில்களிலும் அப்படி எழுதி வைத்தோம், தவறு எங்களுடையதும்தான். ஆனால் நம் தாய்மாருக்கு வேறொரு வழக்கம் தெரிந்திருந்தது. அதுதான் பிடியரிசிக் காணிக்கை. தினமும் உலை வைக்கும்போது, அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்துக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பணக்கார வீட்டு அரிசியும் கூலிக்காரி வீட்டு அரிசியும் ஒரே கூடையில் விழும். சன்னரிசியும் மோட்டா அரிசியும் கலந்த பின் இது யாருடைய மணி என்று யாரால் சொல்ல முடியும்? அது மீந்ததிலிருந்து எடுத்ததல்ல. தன் பிள்ளைகளுக்கு என்று அளந்ததிலிருந்தே எடுத்தது. யாரோ ஒருவருடைய பிள்ளையும் அன்று அவள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தது.

அப்பாவு ஐயா பாட்டில் சொன்ன ‘ஒரே உலை’யை நம் பாட்டிமார் பாடாமலே செய்துவந்தார்கள் என்று நாம் நினைக்கிறோம். அந்தக் கலயத்தை மறுபடியும் எடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். அரிசியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டுக்கு என்று அளந்ததிலிருந்து ஒரு பிடி, அவ்வளவுதான். அது ஏழை நோயாளிகளின் உணவுக்காகப் பொதுச் சமையலறைக்குச் செல்லும். கொடுத்தவர் பெயரை எங்கும் எழுதமாட்டோம். கையில் ஐந்து ரூபாய் மீதமிருக்கும் நோயாளி அதையும் போட விரும்பினால் வாங்கிக்கொள்வோம். பெறுகிறவர் மட்டுமாக அவரை வைத்துவிட எங்களுக்கு உரிமை இல்லை.

இந்தக் கூடுகை முடிந்ததும் சமையலறையில் உணவு தயாராக இருக்கிறது. விருந்தினருக்கு என்று தனியாக எதுவும் சமைக்கவில்லை. இன்று வார்டில் பரிமாறும் அதே அரிசிம்பருப்புச் சோறுதான். நடக்க முடிந்த நோயாளிகளும், அவர்களோடு வந்தவர்களும், துப்புரவுப் பணியாளர்களும் உங்களோடு உட்காருவார்கள். பக்கத்தில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று மட்டும் விசாரியுங்கள். மழையிரவில் அந்தத் தாய் அழைத்தபோது நாங்கள் இறங்கிப் போகவில்லை. இன்று உங்களோடு சேர்ந்து போகிறோம்.

அனைவருக்கும் பரமபிதாவாகிய தேவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.